தவிட்டில் என்ன இருக்கிறது?

பாளையங்கோட்டை,
9 ஜூலை 1912

தேவமணிக்கு,

உடம்பின் ரசாயனத்தைப் படித்த ஒரு பெண் திருநெல்வேலிக்குத் திரும்பி வந்து என்ன செய்வாள்? நேற்று ஆஸ்பத்திரிக் கமிட்டியில் என்னிடம் இதைக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

கேட்டவர் காரியதரிசி வேதநாயகம் ஐயா. நீ கமிட்டிக்கு எழுதிய கடிதம் அவர் கையில் இருந்தது. "டாக்டரம்மாவா வாரேன்னு சொல்லிட்டுப் போன பிள்ளை, ரெண்டு வருஷம் படிச்ச பொறவு வைத்தியம் வேண்டாம், ரசாயனம் போதும்ங்குது. அமிலத்தையும் உப்பையும் கலக்கிப் பாக்கதுக்கா நாம உபகாரச் சம்பளம் கொடுக்கோம்? சொல்லுங்க டீச்சரம்மா, உங்க தம்பி மவதான?" என்றார். பக்கத்தில் இருந்த சாலமோன் ஐயா, "சோப்புக் காய்ச்சக் கத்துக்கிட்டு வருவா வே. ஆஸ்பத்திரிக்குச் சோப்புச் செலவு மிச்சம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சிரிக்க இடம் இருக்கிறது என்றுதான் தோன்றியது.

எனக்குக் குறை வேறு. உன் அப்பா போன பிறகு, உனக்காகக் கமிட்டியில் உறுதி சொன்னவள் நான். நீ படிப்பை மாற்ற நினைப்பதை வேதநாயகம் ஐயாவின் வாயால் கேட்கும்படி வைத்துவிட்டாய்.

செப்டம்பர் 24ஆம் தேதி கமிட்டி மறுபடி கூடுகிறது. அன்று முடிவு செய்வார்கள். அதுவரை உன் உபகாரச் சம்பளத்தை நிறுத்தமாட்டார்கள். அதற்குள் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் எழுது. எனக்குப் புரியும்படி எழுது. அவர்களுக்குப் புரிய வைப்பது என் பாடு.

இங்கே எல்லாம் வழக்கம்போல். விடுதிப் பிள்ளைகள் நெல் அவித்துக் குத்துவதை ஜனவரியோடு நிறுத்திவிட்டேன் என்று சொன்னேனா? தூத்துக்குடியில் இறங்கும் ரங்கூன் பச்சரிசியை மூட்டையாக வாங்குகிறோம். எந்திரத்தில் தீட்டியது, அவ்வளவு வெள்ளை. வேதநாயகம் ஐயா ஒரு நாள் விடுதியில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தம் வீட்டுக்கும் அதையே வாங்கத் தொடங்கிவிட்டார். உரலடியில் போய்க்கொண்டிருந்த காலை நேரம் இப்போது கணக்குப் பாடத்துக்குக் கிடைக்கிறது. இந்தப் பள்ளியில் நான் செய்தவற்றில் எனக்கு முழுத் திருப்தி தந்தது இது ஒன்றுதான்.

அத்தை,
பாக்கியவதி


சென்னப்பட்டணம்,
14 ஜூலை 1912

அன்புள்ள அத்தைக்குத் தோத்திரம்.

உங்களுக்கு முன்னால் கமிட்டிக்கு எழுதியது தப்புதான். உங்களுக்குத்தான் முதலில் எழுதத் தொடங்கினேன். எழுதி எழுதிக் கிழித்தேன். கமிட்டியார் 'இதனால் என்ன பயன்' என்று கேட்பார்கள். நீங்கள் 'இது நிஜம் என்று உனக்கு எப்படித் தெரியும்' என்று கேட்பீர்கள். இரண்டில் அவர்கள் கேள்விக்குப் பயம் குறைவாக இருந்தது.

மார்ச் மாதம் எங்களை முதல் முறையாக வார்டுக்குள் விட்டார்கள். அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் கிடந்தார். வடக்கத்திக்காரர். கால் இரண்டும் வீங்கி, தொட்டால் தெரியவில்லை என்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்திலேயே இறந்துபோனார். உடலை அறுத்துப் பார்த்தபோது இதயம் பெருத்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "பெரிபெரி" என்றார் பேராசிரியர். அது வியாதியின் பேர்தானே, காரணம் என்ன என்றேன். "காரணம் வேண்டுமென்றால் நீ வேறு படிப்புக்குப் போக வேண்டும், அம்மா" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. நானும் அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டேன்.

நாம் தின்கிற சோறு உள்ளே போய் என்ன ஆகிறது, எது ரத்தமாகிறது, எது சூடாகிறது, எந்தப் பொருள் இல்லாமல் போனால் எந்த உறுப்பு கெடுகிறது, இதையெல்லாம் அளந்தும் நிறுத்தும் பார்க்கிற படிப்பு அது. இங்கே ரசாயனத்தில் ஆனர்ஸ் முடித்துவிட்டால், சீமையில் இதைத் தனிப் பாடமாகச் சொல்லித்தரும் சர்வகலாசாலை இருக்கிறது. இந்தப் படிப்புக்கு இன்னும் எல்லோரும் ஒப்பிய ஒரு பேர்கூட இல்லை.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாது, அத்தை. டாக்டர் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரியும். நம் ஆஸ்பத்திரி, வெள்ளைச் சேலை, நான் நடந்து வந்தால் எழுந்து நிற்கும் ஜனங்கள். அது வேண்டாம் என்று சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் பி.ஏ. படிக்கப் போனபோது பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று தாத்தாவைக் கேட்டார்களாம். தாத்தா "சும்மாதான்" என்றாராம். அப்பா சொல்லியிருக்கிறார்.

தேவமணி


பாளையங்கோட்டை,
2 ஆகஸ்ட் 1912

தேவமணிக்கு,

உன் கடிதத்தில் பயன் என்று எதுவும் இல்லை. பொய்யும் இல்லை. அதனால் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

தாத்தாவின் பதிலை நான் கமிட்டியில் சொல்ல முடியாது. தாத்தா என்னைச் சொந்தச் செலவில் படிக்கவைத்தார். ஊரார் காணிக்கையில் படிக்கிறவள் 'சும்மா' என்று சொல்லக் கூடாது.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. விடுதியில் ஆறேழு பிள்ளைகளுக்குச் சுகமில்லை. முதலில் பார்த்தது ஜெபத்தில்தான். சாத்தான்குளத்துப் பிள்ளை எலிசபெத், முழங்காலிட்டவள், ஆமென் சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை. பக்தி என்று ஒரு நாள் நினைத்தேன். சோம்பல் என்று மறுநாள் அதட்டினேன். மூன்றாம் நாள் அவள் பெஞ்சைப் பிடித்துத் தன்னைத் தூக்கி நிறுத்த முயன்றதைப் பார்த்தேன். கால் கனக்கிறது, பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்கிறாள். கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது. டாக்டர் மலைக்குப் போயிருக்கிறார். கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, தரையின் ஈரம் என்றார். லேசான ஆகாரம் கொடுக்கச் சொன்னார். அதிலும் நல்ல வெள்ளையான அரிசியாகப் பொறுக்கி, மூன்று தண்ணீர் கழுவி, கஞ்சி வைத்துக் கொடுக்கிறோம். குணம் தெரியவில்லை. எலிசபெத் இப்போது படி ஏறுவதில்லை.

இதற்கு நடுவில் இசக்கியப்பன் ஒரு வழக்கோடு வந்தான். நம் காவற்காரன். கொல்லையில் கோழி வளர்க்கிறான். விடுதியில் மிஞ்சும் சோறுதான் அவற்றுக்குத் தீனி. "அம்மா, கோழியெல்லாம் கள்ளுக் குடிச்சது மாதிரி தள்ளாடுதுவ. நான் ஒரு சொட்டு வாங்கி ஊத்தல, சத்தியமாச் சொல்லுதேன்" என்றான். போய்ப் பார்த்தேன். அவன் குடித்திருக்கவில்லை. கோழிகள் அப்படித்தான் இருந்தன. உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று எழுதுகிறேன்.

பாக்கியவதி


சென்னப்பட்டணம்,
6 ஆகஸ்ட் 1912

அத்தைக்கு,

சிரிப்பு வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்தவுடனே அந்தக் கஞ்சியை நிறுத்துங்கள்.

உங்கள் முதல் கடிதத்திலேயே எல்லாம் இருந்தது. தீட்டிய பச்சரிசி, ஜனவரி மாதம். நான் என்னைப் பற்றிய வரிகளை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் கணக்குப் பாடம் எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு வந்திருப்பது, நான் வார்டில் பார்த்தது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். ஜாவாவில் ஒரு டாக்டர் கோழிகளில் இதையே பார்த்து எழுதியிருக்கிறார். தீட்டிய அரிசியைப் போட்டால் கோழி தள்ளாடுகிறது. தவிட்டைப் போட்டால் எழுந்து நடக்கிறது. எந்திரம் அரிசியின் மேல்தோலைத் தீட்டித் தள்ளும்போது, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது. மிச்சம் இருப்பதையும் நாம் கழுவிக் கொட்டுகிறோம்.

ஒன்று விசாரித்துச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே சோற்றைத்தானே சாப்பிடுகிறார்கள்? பிறகு ஏன் ஆறேழு பேருக்கு மட்டும்? சனிக்கிழமை தோறும் வீட்டார் வந்து பயறு, கடலை, தின்பண்டம் கொடுத்துவிட்டுப் போவார்களே, அது யார் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பாருங்கள்.

தவிட்டைச் சலித்து, கருப்பட்டி சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுங்கள். அதிகமாக வறுக்க வேண்டாம். கடும் சூட்டில் அது கெடுகிறது என்கிறார்கள். பயறும் கொடுங்கள். டாக்டருக்கு மலைக்குத் தந்தி அடியுங்கள். நான் பாதி டாக்டர்தான், அதையும் வேண்டாம் என்றவள்.

தேவமணி


பாளையங்கோட்டை,
30 ஆகஸ்ட் 1912

தேவமணிக்கு,

டாக்டருக்குத் தந்தி அடித்தேன். தவிடு கொடுப்பதில் கெடுதல் இல்லை, கொடுக்கலாம் என்று பதில் வந்தது. அதற்கு முன்பே கொடுக்கத் தொடங்கியிருந்தேன்.

நீ கேட்ட விசாரணையை நானே செய்தேன். படுத்திருக்கும் பிள்ளைகளில் ஒருத்திக்குக்கூடச் சனிக்கிழமை ஆள் வருவதில்லை. எலிசபெத்துக்குத் தாய் தகப்பன் இல்லை. சாத்தான்குளத்திலிருந்து யார் வருவார்? தின்பண்டம் ஒழுங்கைக் கெடுக்கிறது என்று நான் பல வருஷமாகக் கண்டித்து வந்திருக்கிறேன். நான் சொன்னதைக் கேளாத வீட்டுப் பிள்ளைகள் சுகமாக இருக்கிறார்கள்.

ஆனாலும் நீ எழுதியதை அப்படியே நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. கோழிகளை இரண்டு கூடையில் பிரித்து அடைக்கச் சொன்னேன். ஒரு கூடைக்குச் சோறும் தவிடும், மற்றதற்கு வெறும் சோறு. இசக்கியப்பன் முணுமுணுத்தான். "இதுவ மட்டும் என்னம்மா பாவம் செஞ்சுது?" தவிடு தின்றவை சில நாளில் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பார்த்தன. மற்றக் கூடையில் ஒன்று செத்தது. உடனே மிச்சத்துக்கும் தவிடு போடச் சொல்லிவிட்டேன், அவையும் தேறின.

கோழி கோழிதான், பிள்ளை பிள்ளைதான். பிள்ளைகளையும் பாதியாகப் பிரித்துப் பார்த்திருந்தால் நிரூபணம் முழுமையாகியிருக்கும். பிரிக்கவில்லை. என் சந்தேகத்துக்கும் அவ்வளவு துணிச்சல் இல்லை. ஆகையால் பிள்ளைகள் தவிட்டால் தேறுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தேறுகிறார்கள், தவிடும் தின்கிறார்கள், அவ்வளவுதான். எலிசபெத், "நாங்க என்ன கன்னுக்குட்டியா, தவிடும் கருப்பட்டியும் வைக்காவ?" என்று கேட்டாளாம். பழைய பேச்சு திரும்பியிருக்கிறது. கால் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

இப்போது என் சங்கடத்தைச் சொல்கிறேன். இந்தக் கதையை 24ஆம் தேதி கமிட்டியில் சொன்னால், உன் படிப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சொன்னால் சாலமோன் ஐயா முதலில் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். விடுதியும் இதே கமிட்டியின் பொறுப்புதானே, உரலைத் திரும்பப் போடச் சொல்வார். பிள்ளைகள் விடிந்ததும் உலக்கையைப் பிடிப்பார்கள். கணக்குப் பாடம் போகும். இவ்வருஷம் அந்த வகுப்பிலிருந்து இரண்டு பேரை மெட்ரிக்குலேஷனுக்கு அனுப்பலாம் என்று இருந்தேன்.

சொல்லாவிட்டால் உன் படிப்பு போகும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாக்கியவதி


சென்னப்பட்டணம்,
4 செப்டம்பர் 1912

அன்புள்ள அத்தைக்கு,

உலக்கையைத் தேட வேண்டாம். மலாய் நாட்டில் இதைப் பார்த்திருக்கிறார்கள். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வெள்ளைப் பச்சரிசி தின்கிறவர்களுக்கு இந்த வியாதி வருகிறது. நம் ஊரிலிருந்து போன ஜனங்கள் புழுங்கல் அரிசி தின்கிறார்கள், அவர்களுக்கு வருவதில்லை. அந்தப் புழுங்கல் அரிசியும் எந்திரத்தில் தீட்டியதுதான். அதாவது, காப்பாற்றுவது குத்துவது இல்லை, அவிப்பது. நெல்லை உமியோடு அவிக்கும்போது அந்தப் பொருள் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். பிறகு எந்திரம் தீட்டினாலும் எல்லாம் போவதில்லை.

நீங்கள் ஜனவரியில் இரண்டு வேலையை ஒன்றாக நிறுத்தினீர்கள். ஒன்றை நிறுத்தியது சரி. மற்றதைத்தான் நிறுத்தியிருக்கக் கூடாது. எது எது என்று அன்று யாருக்குத் தெரியும்? அவித்த அரிசியை வெளியே வாங்கினால் போதும்.

இன்னொன்று. இதை என் சாமர்த்தியமாகக் கமிட்டியில் சொல்லாதீர்கள். எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. புத்தகசாலையில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். தவிட்டில் இருக்கும் அந்தப் பொருளுக்கு இவ்வருஷம் சீமையில் ஒரு பேர் வைத்துவிட்டார்கள். பொருளைச் சுத்தமாகப் பிரித்தெடுத்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், இன்னொருவர் இல்லை என்கிறார். பேர் இருக்கிறது, பொருள் கையில் சிக்கவில்லை. நான் படிக்க விரும்புவது அதைத்தான். என் ஆயுளுக்குள் அகப்படாமலும் போகலாம். இதையும் சேர்த்துச் சொல்வதானால் சொல்லுங்கள்.

உபகாரச் சம்பளம் நின்றுவிட்டால் வைத்தியத்தை முடித்துவிட்டு ஊருக்கு வருகிறேன். அழமாட்டேன்.

தேவமணி


பாளையங்கோட்டை,
24 செப்டம்பர் 1912, மாலை

தேவமணிக்கு,

கமிட்டி முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேதநாயகம் ஐயா பழைய கேள்வியையே கேட்டார். ஜனவரியில் நான் செய்த மாற்றத்திலிருந்து தொடங்கினேன். பிள்ளைகள் படுத்தது, கோழிகள், தவிடு, எதையும் விடவில்லை. சாலமோன் ஐயா, "அப்போ உரலைத் திரும்பப் போட வேண்டியதுதான. பொம்பளப் பிள்ளைய உலக்கையைத் தொடாம இருந்தா இப்படித்தான் ஆகும்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

"குத்தாததால் வரவில்லை ஐயா, அவிக்காததால் வந்தது" என்று, நீ எழுதியதை விளக்கிச் சொன்னேன். வண்ணார்பேட்டையில் நெல் அவித்து விற்கும் ஆபிதா பீவியிடம் புழுங்கல் அரிசிக்குப் பேசி வைத்திருப்பதையும் சொன்னேன். உரல் பேச்சு அதோடு நின்றது. கணக்குப் பாடம் பிழைத்தது.

பிறகு வேதநாயகம் ஐயா கேட்டார். "இதெல்லாம் உங்க மருமவ கண்டுபிடிச்சதா?"

"இல்லை. வாசித்துச் சொன்னாள்."

"வாசிச்சுச் சொல்ல டாக்டர் படிப்பு போதுமே. அந்தத் தவிட்டுல இருக்கது என்னன்னு அது கண்டுபிடிச்சிருமா?"

"கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்காமலும் போகலாம் என்று அவளே எழுதியிருக்கிறாள்."

"நிச்சயமில்லாத காரியம்" என்றார். நானும் இல்லை என்று சொல்லவில்லை. உபகாரச் சம்பளம் வைத்தியப் படிப்புக்கு மட்டுமே என்று தீர்மானம் எழுதினார்கள். சாலமோன் ஐயாவும் இன்னொருவரும் உடனே கையெழுத்துப் போட்டார்கள். வேதநாயகம் ஐயா வீட்டில் நிதானமாகப் படித்துப் பார்த்துப் போடுகிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு போனார். அவர் வழக்கம் அது.

நீ சொல்லச் சொன்னதை எல்லாம் சொன்னேன். அதனால்தான் தோற்றோமோ என்றும் யோசிக்கிறேன். வேறு விதமாகச் சொல்லியிருக்க எனக்கு வராது.

இதை நாளைத் தபாலில் சேர்க்கிறேன்.


25 செப்டம்பர், இரவு

தபாலில் சேர்க்கவில்லை. இன்று நடந்ததையும் எழுதுகிறேன்.

காலையில் பள்ளி மணி அடிக்கும் முன்பே வேதநாயகம் ஐயா வண்டியில் வந்தார். ஆபீசுக்கு வராமல் நேரே கொல்லைக்குப் போனார். நான் போனபோது இசக்கியப்பனோடு கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுதானா லே அது?"

"ஆமாய்யா. அன்னைக்குக் கழுத்தைத் தொங்கப் போட்டுக் கிடந்துச்சு. இப்ப என்னையே கொத்த வருது."

என்னைப் பார்த்ததும் குடையை மடக்கினார். "வீட்டுல அவளுக்கு வயிறு சரியில்லன்னு நாலஞ்சு மாசமா வெறும் பச்சரிசிக் கஞ்சிதான் குடிக்கா. கோயில்ல முழங்கால் போட்டா எந்திரிக்கக் கை கொடுக்க வேண்டியிருக்கு. நான் வயசுன்னு இருந்துட்டேன்" என்றார். "தவிடு எவ்வளவு கொடுக்கணும்? எத்தனை நாளைக்கு?"

"அளவு யாருக்கும் தெரியாது ஐயா. டாக்டர் அடுத்த வாரம் வருகிறார், கட்டாயம் காட்டுங்கள். அதுவரை பிள்ளைகளுக்குக் கொடுப்பது போலக் கொடுக்கலாம்."

"அளவு தெரியாம எப்படிக் கொடுக்கது? அதுல அப்படி என்னதான் இருக்கு?"

"அது தெரிந்தால்தான் அளவு சொல்ல முடியும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன். இசக்கியப்பன் சலித்த தவிட்டைப் பையில் கட்டிக் கொடுத்தான். வண்டி வரைக்கும் தூக்கி வர அவன் கை நீட்டியபோது, "இருக்கட்டும்லே" என்று தாமே எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவர் வீட்டு ஆள் அந்தத் தீர்மானத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். மற்ற இரண்டு ஐயாமாரிடமும் பேசிவிட்டதாகச் சொல்லச் சொன்னாராம். தாளில் காரியதரிசியின் கையெழுத்து இல்லை. எழுதியிருந்த வரிகள் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில், பென்சிலால், 'ரசாயனம். ஒரு வருஷம். பிறகு பார்ப்போம்' என்று இருந்தது.

எலிசபெத் இன்று மாடிப் படியில் பாதி ஏறி, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, மீதியும் ஏறினாள்.

பாக்கியவதி